பருத்த உடலுக்குள் தசை எவ்வளவு இருக்கிறது?

'உடம்பு இருக்கிறது, தெம்புதான் இல்லை.' அறுபதைக் கடந்த பருமனான பெண்கள் பலர் இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எடை கூடிவிட்டது, அதனால்தான் சோர்வு, உடம்பைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் பதில் வந்துவிடும். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். என்னைக் கேட்டால், அந்த வார்த்தைகளை அப்படியே மருத்துவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். எடை 78 கிலோ இருக்கலாம். ஆனால் எழுந்து நிற்கவும், படியேறவும், தடுமாறும்போது காலை ஊன்றிச் சமாளிக்கவும் வேண்டிய தசை அதில் போதுமான அளவுக்கு இல்லாமல் போயிருக்கலாம். கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் இருக்கும் இந்த நிலையை மருத்துவர்கள் சார்கோபீனிக் ஒபிசிட்டி என்கிறார்கள். தசையிழப்போடு சேர்ந்த பருமன் என்று புரிந்துகொள்ளலாம்.

மெலிந்த முதியவரிடம் தசை குறைவது கண்ணுக்கே தெரிந்துவிடும். நெற்றிப் பொட்டு குழிவிழுகிறது, தோள்பட்டை எலும்பு துருத்துகிறது, வளையல் முழங்கை வரை ஏறுகிறது. பருமனானவரிடம் இந்த அடையாளம் எதுவும் இராது. தொடையின் சுற்றளவு பல ஆண்டுகளாக மாறாமலே இருக்கும். உள்ளே தசை சுருங்கச் சுருங்க, அந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பிக்கொண்டு வந்திருக்கும். ரவிக்கை அளவும் காட்டிக்கொடுக்காது, எடை இயந்திரமும் காட்டிக்கொடுக்காது. யாருக்குத் தசையை அளந்து பார்ப்பது மிகவும் அவசியமோ, அவர்களிடம்தான் அதை அளப்பது மிகவும் கடினமாக இருக்கிறது.

முப்பதுகளில் உச்சத்தில் இருக்கும் தசை, ஐம்பதுக்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் என்ற கணக்கில் கரைகிறது. வலிமை அதைவிட வேகமாகப் போகிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க், மெம்பிஸ் நகரங்களில் எழுபது வயதைக் கடந்தவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு நடந்தது. அதில் கால் தசை குறைந்த வேகத்தைப்போலச் சுமார் மூன்று மடங்கு வேகத்தில் கால் வலிமை குறைந்தது. அதாவது இருக்கிற தசையும் முன்போல வேலை செய்வதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தசை என்பது நடப்பதற்கு மட்டுமல்ல. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதி போய்ச் சேரும் இடம் தசை. காய்ச்சலிலோ அறுவை சிகிச்சையிலோ உடல் புரதத்துக்குக் கைநீட்டும் சேமிப்பும் அதுதான். ஆகவே சர்க்கரை நோயும் பருமனும் உள்ள ஒரு முதியவருக்குத் தசை எவ்வளவு இருக்கிறது என்பது, எடை எவ்வளவு என்பதைவிட முக்கியமான கேள்வி. நம் ஊர்களில் அதைக் கேட்பவர்கள் குறைவு என்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

பருமனானவருக்குத் தசை குறைவா, அதிகமா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடலாம். பருமனானவருக்குக் கிலோ கணக்கில் தசை பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். எடை ஏறும்போது கொழுப்பு மட்டும் ஏறுவதில்லை. கூடுகிற எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொழுப்பல்லாத திசு. கனமான உடலைச் சுமந்து நடப்பதே கால்களுக்கு ஒரு பயிற்சிதான். அதனால் 50 கிலோ பெண்ணையும் 78 கிலோ பெண்ணையும் பக்கத்தில் நிறுத்தி அளந்தால், இரண்டாமவருக்குத் தசை கூடுதல் என்றுதான் விடை வரும்.

ஆனால் இரண்டாமவரின் கால்கள் கூடுதலாக 28 கிலோவைத் தூக்க வேண்டும். அந்தச் சுமைக்கு அவருடைய தசை போதுமா என்பதுதான் கேள்வி. அதோடு தரமும் ஒரு சிக்கல். கறிக்கடையில் சில துண்டுகளில் சிவப்புச் சதைக்கு நடுவே வெள்ளைக் கோடுகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வயதாகி, பருமனும் சேர்ந்து, உடலுழைப்பும் குறைந்தவரின் தொடைத் தசையில் அதுபோலவே நார்களுக்கு இடையிலும் நார்களுக்கு உள்ளேயும் கொழுப்பு படிகிறது. நாடாவை வைத்து அளந்தால் அதுவும் தசைக் கணக்கிலேயே சேரும். எழுந்து நிற்கும்போது உதவாது.

எதனால் வகுக்கிறோம்?

இந்த விஷயத்தில் புதிதாக நுழைபவர் ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொண்டால் போதும் என்று நினைக்கிறேன்: தசையின் கிலோவை எதனால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து, ஒரே ஆள் 'சரியாக இருக்கிறார்' என்றும் 'குறைவாக இருக்கிறது' என்றும் மாறிவிடுவார். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

68 வயதுப் பெண் ஒருவர். உயரம் 150 செ.மீ., எடை 78 கிலோ. உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தால் எடையை வகுத்தால் பி.எம்.ஐ. 34.7. டெக்ஸா என்ற எக்ஸ்ரே ஸ்கேனில் அவருடைய இரு கைகள், இரு கால்களின் தசை அளவு 15.5 கிலோ என்று வருகிறது. கை கால்களை மட்டும் எடுப்பதற்குக் காரணம் உண்டு. நடுவுடலில் கல்லீரல், குடல், இதயம் எல்லாம் இருப்பதால் அங்கே தசையை மட்டும் பிரித்தெடுக்க அந்தக் கருவியால் முடியாது. கை கால்களில் எலும்பையும் கொழுப்பையும் கழித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் தசை.

15.5 கிலோ போதுமா? ஐரோப்பிய நிபுணர் குழு 2018இல் திருத்தியமைத்த வரையறைப்படி பெண்ணுக்கு 15 கிலோவுக்குக் கீழே போனால்தான் குறைவு. இவர் தப்பித்துவிட்டார். உயரமானவருக்கு இயல்பிலேயே தசை அதிகம் என்பதால் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பதுதான் பழைய வழக்கம். நியூ மெக்சிகோ முதியவர்களிடம் நடந்த ஆய்வை வைத்து பாம்கார்ட்னர் குழுவினர் 1998இல் நிலைப்படுத்திய முறை அது. 15.5ஐ 2.25ஆல் வகுத்தால் 6.9. ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019இல் வெளியிட்ட எல்லை, டெக்ஸாவில் அளந்தால் பெண்களுக்கு 5.4, ஆண்களுக்கு 7.0. இவர் எல்லைக்கு வெகு மேலே நிற்கிறார். 'தசை நன்றாகவே இருக்கிறது' என்று அறிக்கை வரும்.

இப்போது அதே 15.5ஐ அவருடைய பி.எம்.ஐ.யான 34.7ஆல் வகுத்துப் பாருங்கள். 0.447. அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனங்களுக்கான அறக்கட்டளை 2014இல் முன்வைத்த எல்லை பெண்களுக்கு 0.512, ஆண்களுக்கு 0.789. இந்தக் கணக்கில் அவருக்குத் தசை தெளிவாகவே குறைவு. மொத்த எடையால் வகுத்தால் 19.9 சதவீதம், அவர் சுமக்கும் ஒவ்வொரு ஐந்து கிலோவுக்கும் கை கால் தசை ஒரு கிலோகூட முழுதாக இல்லை.

ஒரே பெண், ஒரே ஸ்கேன், ஒரே 15.5 கிலோ. முடிவுகள் மட்டும் எதிரெதிர்.

உயரத்தால் வகுக்கும் முறை பருமனானவர்களைத் தப்பவிட்டுவிடுகிறது என்பது ஆய்வாளர்களுக்கு 2003 வாக்கிலேயே தெரிந்துவிட்டது. உயரத்தோடு கொழுப்பின் அளவையும் கணக்கில் எடுத்து, 'இவ்வளவு உயரமும் இவ்வளவு கொழுப்பும் உள்ளவருக்கு இருக்க வேண்டிய தசை எவ்வளவு, இவருக்கு இருப்பது எவ்வளவு' என்று ஒப்பிடும் வழியை அப்போது நியூமன் குழுவினர் முன்வைத்தார்கள். பருமனையும் ஊட்டச்சத்தையும் ஆராயும் இரண்டு ஐரோப்பியச் சங்கங்கள் சேர்ந்து 2022இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கையோ, பருமனானவர்களுக்கு எடையால் வகுக்கும்படி சொல்கிறது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. கால்கள் தூக்குவது உயரத்தை அல்ல, எடையை.

ஆனாலும் ஓர் எச்சரிக்கை. பி.எம்.ஐ.யால் வகுக்கும் முறை குள்ளமானவர்களுக்குச் சற்றுக் கடுமையானது. நம் ஊர்ப் பெண்களில் பலர் 150 செ.மீ. அளவிலேயே இருப்பவர்கள். 0.512 என்ற எல்லையோ மேற்கத்திய முதியவர்களை வைத்து வகுத்தது. அதனால் இந்த எண் ஒன்றை மட்டும் வைத்து யாருக்கும் நோய் என்று முத்திரை குத்திவிடக் கூடாது.

உயரத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. வயதாக ஆக முதுகெலும்பு அழுந்தி, கூன் விழுந்து, உயரம் குறைகிறது. மேலே சொன்ன பெண் இளமையில் 155 செ.மீ. இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்துக்கு வகுத்தால் 6.9க்குப் பதிலாக 6.5தான் வரும். ஒரு கிராம் தசைகூடக் கூடாமல், முதுகு வளைந்ததாலேயே அவருடைய மதிப்பெண் உயர்ந்துவிட்டது. கூன் விழுந்தவர்களுக்குக் கைகளை விரித்த நீளத்திலிருந்தோ முழங்கால் உயரத்திலிருந்தோ உயரத்தைக் கணக்கிடுவது நல்லது.

வெறும் சூத்திரம் எங்கே சறுக்குகிறது

கருவி எதுவும் இல்லாமல், உயரம், எடை, வயது, பால் ஆகியவற்றை வைத்தே தசையைச் சொல்லும் சூத்திரங்கள் இருக்கின்றன. அதிகம் பயன்படுவது 2000ஆம் ஆண்டில் லீ என்பவரின் குழு வெளியிட்டது. எடையை 0.244ஆல் பெருக்கு, மீட்டரில் உயரத்தை 7.80ஆல் பெருக்கிக் கூட்டு. ஆணாக இருந்தால் 6.6 கூட்டு. வயதை 0.098ஆல் பெருக்கிக் கழி. ஆசியராக இருந்தால் 1.2 கழி. கடைசியில் 3.3 கழி. வருவது உடல் முழுவதிலும் உள்ள எலும்புத்தசையின் கிலோ.

நம் உதாரணப் பெண்ணுக்கு இதன்படி 19.6 கிலோ வருகிறது. இடுப்பெலும்பு முறிந்து அவர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து, எடை 10 கிலோ கூடி 88 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரம் இப்போது 22 கிலோ என்று சொல்லும். கால்கள் சூம்பிப்போன அந்த மாதங்களில் அவருக்கு 2.4 கிலோ தசை வளர்ந்ததாகக் காகிதம் சொல்கிறது. ஆயிரம் பேரின் சராசரியைப் பார்க்கும் ஆய்வாளருக்கு இந்தச் சூத்திரம் உதவும். ஆனால் இது பருமனில்லாதவர்களின் உடலை ஸ்கேன் செய்து உருவாக்கப்பட்டது. எடை கூடுவதெல்லாம் ஒரே விதமாகத்தான் கூடும் என்று நம்பிக்கொண்டிருப்பது. ஒரு தனி முதியவரின் கால் எப்படி இருக்கிறது என்று அதனிடம் கேட்க முடியாது.

வீட்டிலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் இருக்கும் கருவி

காலை வைத்து ஏறி நின்றால் கொழுப்பு இத்தனை சதவீதம், தசை இத்தனை கிலோ என்று காட்டும் எடைக் கருவிகள் இப்போது பல வீடுகளில் இருக்கின்றன. இவை தசையைப் பார்ப்பதில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். உணரவே முடியாத அளவு மெல்லிய மின்னோட்டத்தை உடலில் செலுத்தி, அதற்கு எவ்வளவு தடை வருகிறது என்று மட்டும் பார்க்கின்றன. தசையில் முக்கால் பங்கு நீர்; நீரில் உப்புகள் கரைந்திருப்பதால் மின்சாரம் எளிதாகப் பாயும். கொழுப்பில் நீர் குறைவு, தடை அதிகம். தடையிலிருந்து நீரின் அளவை ஊகித்து, நீரிலிருந்து தசையை ஊகிக்கிறது கருவி.

இரண்டு ஊகங்களும் பருமனான முதியவரிடம் இடறுகின்றன. பருமனான உடலில் உயிரணுக்களுக்கு வெளியே தேங்கும் நீர் கூடுதல். அதையும் கருவி தசையாகவே எண்ணிவிடும். மாலையில் கால் வீங்கும் பழக்கம் உள்ள ஒருவர் மாலையில் ஏறி நின்றால், வீக்கத்து நீரும் தசைக் கணக்கில் சேர வாய்ப்பு உண்டு. இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து உடலில் நீர் கோத்திருப்பவர்களுக்கு இந்த எண்ணை நம்பவே கூடாது. அடுத்தது உடலின் வடிவம். நடுவுடல் மிக அகலமானது என்பதால் அதன் வழியே மின்சாரம் தடையின்றி ஓடிவிடும். உடல் எடையில் பாதியைச் சுமக்கும் அந்தப் பகுதி, மொத்தத் தடையில் மிகச் சிறு பங்கையே காட்டுகிறது. கால்களில் மட்டும் தகடு உள்ள கருவியில் மின்சாரம் ஒரு காலில் ஏறி இன்னொரு காலில் இறங்கிவிடும். கைகளையும் மேலுடலையும் அது அளக்கவே இல்லை. நீங்கள் பதிந்த வயது, உயரம், எடை ஆகியவற்றை வைத்து நிரப்பிக்கொள்கிறது. சற்று முன் பார்த்த சூத்திரம்தான் இங்கேயும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

கைப்பிடிகளும் சேர்ந்து எட்டு இடங்களில் தொடும் பெரிய கருவிகள் மேலானவை. ஆசியக் குழு அவற்றுக்கென்றே தனி எல்லை வைத்திருக்கிறது: உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தபின் ஆண்களுக்கு 7.0, பெண்களுக்கு 5.7. எந்தக் கருவியானாலும் காலையில், வெறும் வயிற்றில், சிறுநீர் கழித்தபின், நடந்துவிட்டு வராமல், ஒரே கருவியில் ஏறினால்தான் இரண்டு அளவுகளை ஒப்பிட முடியும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தக் கருவிகளில் ஏறக் கூடாது.

ஸ்கேன்கள்

டெக்ஸா என்பது இரண்டு வெவ்வேறு ஆற்றலுள்ள எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்தி, எலும்பு, கொழுப்பு, மற்றவை என்று பிரிக்கும் முறை. கதிர்வீச்சு மார்பு எக்ஸ்ரேயைவிடக் குறைவு. எலும்பு அடர்த்தி பார்க்க எடுக்கும் அதே கருவிதான். ஆனால் எலும்புக்காக எடுக்கும்போது வழக்கமாக இடுப்பையும் கீழ்முதுகையும் மட்டுமே படமெடுப்பார்கள். அதிலிருந்து தசையின் அளவு கிடைக்காது. முழு உடல் பகுப்பாய்வு வேண்டும் என்று தனியாகச் சொல்லிக் கேட்க வேண்டும், அந்த வசதி அங்கே இருக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

டெக்ஸா சொல்லும் 'மற்றவை' முழுவதும் தசை அல்ல. தோல், நீர், இணைப்புத் திசு எல்லாம் அதில் உண்டு. கொழுப்புத் திசுவிலேயே ஏறத்தாழ 15 சதவீதம் நீரும் புரதமும். அதுவும் தசைப் பக்கமே எழுதப்படும். 20 கிலோ கொழுப்புத் திசு கூடினால் தசை வளராமலே சுமார் 3 கிலோ கூடியதுபோலத் தெரியும் என்று பொருள். மிகவும் பருமனானவர்கள் கருவியின் மேசை அகலத்துக்குள் அடங்காமல் போவதும் உண்டு. அப்போது உடலின் ஒரு பாதியை மட்டும் எடுத்து இரட்டிப்பார்கள்.

சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் தசையை நேரடியாகவே காட்டும், தசைக்குள் படிந்த கொழுப்பையும் காட்டும். தசையை அளப்பதற்கென்றே சி.டி. எடுக்க வேண்டியதில்லை, கதிர்வீச்சு அதிகம். ஆனால் வேறு காரணத்துக்காக ஏற்கெனவே வயிற்றுக்கு சி.டி. எடுத்திருந்தால், இடுப்பு முதுகெலும்பில் மூன்றாவது எலும்பின் மட்டத்தில் உள்ள ஒரே ஒரு படத்திலிருந்து தசையைக் கணக்கிட முடியும். புற்றுநோய் மருத்துவத்தில் இது நன்றாக வேரூன்றிவிட்டது.

நேரடியாகத் தசையையே எடைபோடும் முறை என்று சொல்லத்தக்கது, டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜனைச் சேர்த்த கிரியாட்டின் என்ற பொருளை விழுங்கச் செய்து சிறுநீரில் அளப்பது. உடலின் கிரியாட்டின் ஏறத்தாழ முழுவதும் தசையில் இருப்பதால் இது கொழுப்பினால் குழம்புவதில்லை. இப்போதைக்கு ஆய்வுக்கூடங்களோடு நிற்கிறது.

கிரியாட்டின் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிறுநீரகப் பரிசோதனையில் பார்க்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளும் தசையிலிருந்துதான் வருகிறது. தசை குறைந்த முதியவருக்குக் கிரியாட்டினினும் குறைவாகவே வரும். அதனால் பாதிப்பு தொடங்கிவிட்ட சிறுநீரகம்கூட 'நார்மல்' என்று தோன்றலாம். அந்த அளவை நம்பி மருந்தின் அளவை முடிவுசெய்தால், மருந்து உடலில் தேங்கிவிடும் ஆபத்து உண்டு. இரத்தத்தில் கிரியாட்டினினையும் சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு பொருளையும் ஒப்பிட்டுத் தசையை மதிப்பிடும் முயற்சிகளும் நடக்கின்றன. பருமன் இரண்டாவதை உயர்த்திவிடுவதால் நம் தேவைக்கு அது அவ்வளவு கைகொடுப்பதில்லை.

ஒரு தையல் டேப்

எனக்கு இந்த எல்லாவற்றிலும் மிகவும் பிடித்தது கெண்டைக்காலை அளப்பது. தையல்காரர் டேப் போதும். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால் செங்கோணமாக இருக்க, பாதம் தரையில் பட, கெண்டைச் சதை மிகவும் பருத்திருக்கும் இடத்தை மேலும் கீழும் நகர்த்திக் கண்டுபிடித்து, இறுக்காமல் அளக்க வேண்டும். ஆசியக் குழுவின் எல்லை ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ. அதற்குக் கீழே போனால் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும்.

பருமனானவருக்கு இந்த அளவும் ஏமாற்றும். கெண்டைக்காலைச் சுற்றியும் கொழுப்பு இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் அளக்கப்பட்டவர்களை வைத்து 2021இல் ஒரு எளிய திருத்தம் வெளியானது. பி.எம்.ஐ. 25 முதல் 30க்குள் இருந்தால் வந்த அளவில் 3 செ.மீ. கழிக்க வேண்டும், 30 முதல் 40க்குள் என்றால் 7 செ.மீ.; 40க்கு மேல் 12 செ.மீ. நம் உதாரணப் பெண்ணின் கெண்டை 37 செ.மீ. என்று வைப்போம். பார்வைக்கு உறுதியான கால். 7ஐக் கழித்தால் 30. எல்லைக்குக் கீழே போய்விட்டார். கால் வீக்கம் உள்ளவருக்கு இந்த அளவும் பயன்படாது. பெருவிரலால் கணுக்காலுக்கு மேலே சில நொடிகள் அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

திருத்தம் அமெரிக்கர்களை வைத்து வந்தது என்பதால் நம்மவர்களுக்கு ஒரு சென்டிமீட்டர் அப்படியிப்படி இருக்கலாம். உடலமைப்பில் நாம் வேறு என்பது உண்மையும்கூட. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் யட்கினும் தங்கள் இருவரின் உடலையே அளந்து 2004இல் வெளியிட்ட ஒரு பக்கம் மருத்துவ உலகில் பிரபலம். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். ஒரே எடைக்கு இந்திய உடலில் கொழுப்பு அதிகம், தசை குறைவு என்பதே பொதுவான போக்கு. 2009இல் வெளியான இந்திய வழிகாட்டுதல்கள் பி.எம்.ஐ. 25ஐயே பருமன் என்று வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். தொப்பை பெருத்து, கை கால் மெலிந்து, பி.எம்.ஐ. 26 மட்டுமே உள்ள ஒரு தாத்தாவும் இந்தக் கட்டுரையில் சொல்லும் ஆபத்துக்குள் வரக்கூடியவர்தான்.

வலிமையை முதலில் பாருங்கள்

தசையின் அளவைவிட வலிமை வேகமாகக் குறைகிறது என்று தொடக்கத்தில் சொன்னேன். இன்றைய வழிகாட்டுதல்கள் பலவும் வலிமையிலிருந்தே தொடங்குவது அதனால்தான்; தசையின் அளவு இரண்டாவது கட்டமாகவே வருகிறது. இது சரியான வரிசை என்று உறுதியாக நம்புகிறேன். அளவில் இத்தனை குழப்பம் இருக்கும்போது, எழுந்து நிற்க முடிகிறதா என்ற கேள்வியில் குழப்பமே இல்லை.

கையில் இறுக்கிப் பிடிக்கும் ஒரு கருவி பிடியின் வலிமையைக் கிலோவில் காட்டும். ஆசிய எல்லை ஆண்களுக்கு 28, பெண்களுக்கு 18 கிலோ. விரல் மூட்டுகளில் வாதம் இருந்தால் எண் குறைத்துக் காட்டும்.

கருவி இல்லாவிட்டால் நாற்காலி. கைப்பிடி இல்லாத, சாதாரண உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முழுதாக எழுந்து, முழுதாக உட்கார்ந்து, ஐந்து முறை, முடிந்த அளவு வேகமாக. பக்கத்தில் ஒருவர் நிற்பது அவசியம். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் ஆசியக் குழுவின் கணக்கில் வலிமை குறைவு; ஐரோப்பியக் குழு 15 வினாடி வரை விடுகிறது. இந்தப் பரிசோதனையில் எடையால் தனியாக வகுக்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். தூக்குவது தன் சொந்த எடையையே. வகுத்தல் தானாகவே நடந்துவிடுகிறது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு மட்டும் கவனம் தேவை. வலியால் மெதுவாக எழுகிறாரா, வலுவில்லாமல் மெதுவாக எழுகிறாரா என்று அவரிடமே கேட்டுவிட வேண்டும். அவருக்கு நன்றாகவே தெரியும்.

இதுகூட வேண்டாம் என்றால், ஐந்து கேள்விகள் உள்ள ஒரு சிறு வினாத்தாளும் இருக்கிறது: நாலரைக் கிலோ பொருளைத் தூக்குவது, அறைக்குள் நடப்பது, நாற்காலியிலிருந்து எழுவது, பத்துப் படி ஏறுவது, கடந்த ஓராண்டில் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை மதிப்பெண். நான்கோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அளந்து என்ன செய்வது?

பருமனான முதியவரிடம் 'எடையைக் குறையுங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்புவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாதது. குறைகிற எடையில் தசையும் சேர்ந்தே போகிறது. இரவு உணவை நிறுத்தி, அரிசியைக் குறைத்து, நடைப்பயிற்சி மட்டும் செய்து எட்டுக் கிலோ குறைத்த ஒருவர், முன்பைவிடத் தள்ளாடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். எடையைக் குறைக்கும் புதிய ஊசி மருந்துகளிலும் இழக்கும் எடையில் கணிசமான பங்கு கொழுப்பல்லாத திசுதான்.

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த பருமனான 160 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல வழிகாட்டி. உணவைக் குறைத்து எடை இறக்கிய மூன்று குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவு, சுமார் 9 சதவீத எடை குறைந்தார்கள். நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்கள் கொழுப்பல்லாத திசுவில் 5 சதவீதத்தை இழந்தார்கள். எடைதூக்கும் பயிற்சி செய்தவர்கள் 2 சதவீதம். இரண்டையும் செய்தவர்கள் 3 சதவீதம். எழுவது, நடப்பது, படியேறுவது போன்ற அன்றாடத் திறன் மிகவும் கூடியது இரண்டையும் செய்தவர்களுக்கே. அறுபதைக் கடந்தவர் எடைதூக்குவதா என்று தயங்க வேண்டாம். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும், சுவரில் கைவைத்துத் தள்ளுவதும், தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவதும் அதே வகைதான். உணவில் புரதம் முதியவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை பரிந்துரைக்கப்படுகிறது. இட்லி, சாதம், ரசம், மோர் என்று போகும் நாளில் அது எட்டாது; பயறு, பருப்பு, முட்டை, மீன், தயிர் என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது சேர வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டபின் கூட்டவும்.

எடை குறைக்கத் தொடங்கும் முன்பே கெண்டைக்கால் அளவையும் ஐந்து முறை எழ ஆன வினாடிகளையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். மாதம் ஒருமுறை எடையோடு சேர்த்து அவற்றையும் பாருங்கள். எடை இறங்கி, எழும் நேரமும் குறைந்தால் சரியான வழியில் போகிறீர்கள். எடை இறங்கி, எழும் நேரம் கூடினால் போகிற வழியை நிறுத்தி, உணவையும் பயிற்சியையும் மாற்ற வேண்டும். முயற்சி எதுவும் செய்யாமலே எடை குறைந்தாலோ, ஒரு காலின் கெண்டை மட்டும் மற்றதைவிட இளைத்தாலோ, அது வயதின் கணக்கு அல்ல. நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.